ஜெயனியின் உகுலேலேக்கு நான் தெரிவுசெய்த பிக்கப்

ரீச்சர், உகுலேலே ஒரு நல்ல வாத்தியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரம் இல்லை, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், நைலோன் நரம்பு என்பதால் விரலையும் வெட்டாது. இருபத்திரண்டு வருடமாக மன்டலின் கம்பியில் விரல் தேய்ந்த ஒருவன் இதைச் சொல்வதை நீங்கள் நற்சாட்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பங்குச் சபையின் செயலாளர் என்ற முறையில் நீங்கள், நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் நானாட்டானில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். எழுதுவது எனக்குப் பழகிய வேலை. புருவத்தில் மூன்று தையல் இருப்பதால் குனியும்போது கொஞ்சம் இழுக்கிறது. அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை.

ஜெயனி எங்கள் கோவில் பாடகர் குழாமில் சேர்ந்தது போன தபசு காலத்தில். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி முடித்துவிட்டுத் தலைமன்னாருக்குத் திரும்பி வந்த பிள்ளை. அவளுடைய அண்ணன் டோஹாவிலிருந்து அனுப்பிய உகுலேலேயை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பெண்கள் பக்கத்துக் கதிரையில் கடைசியாக இருந்தாள். மரியாதையான பிள்ளை. என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாளே என்னிடம் வந்து சுதி சரியா என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. நான் இரண்டு நரம்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன்.

கோவிலில் இருந்த ஓகன் வாத்தியம் உப்புக் காற்றில் பழுதாகி இரண்டு வருடம். அதன் பிறகு குழாமில் இசை என்றால் என் மன்டலின்தான். காணிக்கைப் பாட்டில் இரண்டு சரணங்களுக்கு நடுவில் நான் தனியாக வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். சாம்பல் புதனுக்குப் பிறகு வந்த மூன்றாம் ஞாயிறு, பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் மன்டலின் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், ஜெயனி வாசித்துப் பார்க்கட்டும் என்றார். தாராளமாக, சுவாமி, என்றேன். அவள் வாசித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்பதற்காக உடம்பைச் சாய்த்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது. அடுத்த நாள் என் மனைவி பெற்றிசியா மீன் வெட்டிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னுடைய எந்த மெட்டையும் அவள் மீனுக்குப் பாடியதில்லை. இதை ஒரு தகவலாகத்தான் குறிப்பிடுகிறேன்.

பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியது. எல்லா யன்னலும் திறந்திருக்கும் கோவிலில் உகுலேலேயின் சத்தம் மூன்று வரிசைக்கு அப்பால் போகவில்லை. அது தன் அளவு தெரிந்த வாத்தியம் என்று நான் நினைத்தேன். அந்த ஏற்பாடு எனக்கு முழுத் திருப்தி தந்தது. ஆனால் பின்வரிசைக்காரர் தங்களுக்குக் கேட்கவில்லை என்று சுவாமியிடம் குறைபட்டார்கள். அதன் பிறகுதான் சபையின் அந்தக் கூட்டம். "உகுலேலேக்கு ஒரு பிக்கப் தேவை" என்று குறிப்பேட்டில் நீங்கள் எழுதினீர்கள். அதை வாசித்ததும், மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டியார் அமிர்தநாயகம் எழும்பி, "அந்தச் சின்னச் சாமானை ஏத்த பிக்கப் என்னத்துக்கு? என்ட மோட்டார் சைக்கிளிலயே கொண்டு போகலாமே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிக்கப் என்பது வாத்தியத்தின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னக் கருவி என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அப்படி விளங்கப்படுத்தியதால்தான் ஜெயனி எழும்பி, "சிங்கராசா அண்ணையே பாத்து எடுக்கட்டும். அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள்.

நானாகப் போய் அந்தப் பொறுப்பைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இலத்திரனியல் கடை வைத்திருக்கும் வஸீரிடம் போனேன். அவர் மேசையில் மூன்று வகை பிக்கப்பை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று, காசளவு வில்லை. உகுலேலேயின் வயிற்றுக்குள் ஒட்டினால் பலகையின் அதிர்வைப் பிடிக்கும். இன்னொன்று, நரம்புகளைத் தாங்கும் எலும்புக்குக் கீழே வைக்கும் மெல்லிய கீற்று. அதற்கு ஒரு சின்ன ஓட்டை துளைக்கவேண்டும், ஆனால் சத்தம் நன்றாக வரும். கடைசியாக, வாத்தியத்தின் நடுவிலுள்ள பெரிய ஓட்டைக்குக் குறுக்கே பூட்டும் காந்தம். பார்வைக்கு மூன்றிலும் அதுதான் கம்பீரம். அதை நைலோன் நரம்புக்குப் போடலாமா என்று கேட்டேன்.

"நைலோனைக் காந்தத்துக்குத் தெரியாது, அண்ணன். இரும்புக் கம்பி அசைஞ்சாத்தான் அதுக்கு விளங்கும்."

"அப்ப சத்தம் குறைவா வருமோ?"

"குறைவா இல்லை. வராது."

நான் இன்னொரு முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பொதுக் காரியத்தில் ஊகத்தில் முடிவெடுக்கக் கூடாது. பிறகு காந்தத்தை வாங்கினேன். வஸீர் வீணாகக் குழம்பக் கூடாது என்பதற்காக, அது என் மன்டலினுக்கு என்று சொன்னேன்.

நீங்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக் கூடாது, ரீச்சர். வில்லையைப் போட்டால் விரல் உரசுவது, நகம் படுவது, மூச்சு விடுவது எல்லாம் ஸ்பீக்கரில் வரும். ஓர் இளம் பிள்ளையின் பிழைகளை ஊர் முழுக்கக் கேட்கப்பண்ண எனக்கு மனமில்லை. அந்த மூன்றிலும், அவளுடைய பிழை ஒன்றுகூட வெளியே கேட்காத பிக்கப் இதுதான்.

சனிக்கிழமைப் பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் பரிசோதித்தேன். முதலில் காந்தத்தை என் மன்டலினில் பூட்டினேன். கோவில் அதிர்ந்தது. பிறகு அதே காந்தத்தை, அதே வயரோடு, உகுலேலேயில் பூட்டினேன். ஜெயனி வாசித்தாள். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாக வாசித்தாள். ஒன்றும் இல்லை. பிக்கப் நல்லது என்பதை எல்லோரும் காதால் கேட்டுவிட்டார்கள். ஆகவே பிழை வேறெங்கோ என்று அவர்களே முடிவெடுத்தார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

முதல் சந்தேகம் ஸ்பீக்கர் போடும் துஷாந்தன் மேல் விழுந்தது. அவர் வயரை மாற்றினார், மிக்சரைக் கழற்றித் துடைத்தார், தன் மச்சானின் மிக்சரை இரவல் வாங்கிவந்தார். ஞாயிறு பூசையில் வேறு வழியில்லாமல் சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்தார். உகுலேலே கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, நடுப்பூசையில், எல்லோரும் முழந்தாளில் இருக்கும்போது, ஸ்பீக்கர் "ஊம்" என்று இரையத் தொடங்கியது. சுவாமி அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடியே துஷாந்தனைப் பார்த்தார். துஷாந்தன் வயரை ஆட்ட, இரைச்சல் கூடியது. அந்தக் கிழமையே திருவிழாவுக்கு வேறு ஆளைக் கூப்பிடுவதென்று சபை தீர்மானித்தது. பதினொரு வருடம் கோவிலுக்கு ஸ்பீக்கர் போட்ட மனுசன். எனக்குக் கவலையாக இருந்தது. ஆசுப்பத்திரிச் சந்தியில் கண்டபோது அவருக்குக் குடிக்க ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜெயனி மட்டும் யார்மேலும் குறை சொல்லவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து என்னிடம் வந்து, "அண்ணை, என்ட கைக்குத்தான் பெலன் காணாது போல" என்றாள். இருக்கலாம், தினமும் ஒரு மணித்தியாலம் பலமாக அடித்துப் பழகினால் சரிவரும் என்றேன். அவள் பழகினாள். அடுத்த கிழமை நாலு விரலிலும் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தாள். ஆசுப்பத்திரி வாட்டில் நோயாளிகளுக்கு ஊசி போடும்போது வலிக்கிறதாம், அவளுக்கு. நைலோன் விரலை வெட்டாது என்று மேலே எழுதினேன். அது அளவாக வாசிப்பவர்களுக்கு. என் பையில் எப்போதும் பிளாஸ்ரர் இருக்கும். இரண்டு கொடுத்தேன்.

இப்படியே விட்டிருந்தால் ஒருவருக்கும் ஒரு சேதமும் வந்திருக்காது. பிள்ளை சோர்ந்து, உகுலேலேயைத் துணிப்பையில் போட்டு, நல்ல ஒரு பாடகியாக இருந்திருப்பாள். ஆனால் துஷாந்தன் சும்மா இருக்கவில்லை. வேலை போன பிறகு அவருக்கு நேரம் இருந்தது. திருவிழாக் கொடி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் கோவிலுக்கு ஓடிவந்து, காந்தம் இரும்புக் கம்பிக்குத்தான் வேலை செய்யும், ஒன்றில் பிக்கப்பை மாற்றவேண்டும் அல்லது நரம்பை மாற்றவேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னார். அவர் சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை; தெரிந்த விஷயம்தானே. நானும் அவரோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

பிக்கப்பை மாற்றுவோம் என்றார் சுவாமி. வஸீரிடம் வேறு வகை இல்லை என்றேன். நான் விசாரிக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை அவரிடம் இருந்தது என்று சொல்லவும் எனக்கு ஆதாரம் இல்லை. ஆகவே நரம்பை மாற்றுவது என்று முடிவாயிற்று. என்னிடம் மேலதிகமாகக் கிற்றார் கம்பி இருந்தது.

ஜெயனி உகுலேலேயைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தந்தாள்.

"இரும்புக் கம்பி தாங்குமோ, அண்ணை?"

"போட்டுப் பாப்பம்" என்றேன்.

என் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. உகுலேலேயோடு வந்த தாளில் நைலோன் மட்டுமே போடவேண்டும் என்று எழுதியிருந்தது. அதை நான் வாசித்திருந்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இரும்பின் இழுவை நைலோனைவிடப் பல மடங்கு. நரம்புகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற சின்ன மரத்துண்டு, மெல்லிய பலகையில் வெறும் பசையால் ஒட்டப்பட்டிருப்பது. இதையெல்லாம் அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கம்பி போட்டு முடித்ததும் அவள் வாசித்தாள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதவேண்டும். அது நன்றாக இருந்தது. கோவில் முழுவதும் கேட்டது. அவள் திருவிழாவுக்கென்று தானே கட்டிய காணிக்கைப் பாட்டு வெளியே காற்றில் போனதும், மதில் பக்கம் நின்ற கழுதைகள்கூட மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கின. கடைசி வரிசையில் இருந்த பெற்றிசியா கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பழைய இறங்குதுறைப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கும் கண்ணில் மண் விழுந்திருந்தது. அங்கே அடிக்கடி விழும்.

திருவிழாவுக்கு முந்திய நவநாள் ஒன்பதிலும் அவளுடைய உகுலேலேயைச் சுதி சேர்த்துக் கொடுத்தது நான். புதுக் கம்பி தளரும் என்பதால் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் ஏற்றவேண்டும். நான் தேவையானதைவிட அரைச் சுற்றுக் கூட ஏற்றினேன், தளர்ந்தாலும் தாங்கட்டும் என்று. முதலாம் நாள் பிரிட்ஜின் பின்பக்கத்தில் என் நானாட்டான் பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன், முனைகூடப் போகவில்லை. நாலாம் நாள் அதன் ஓரம் போனது. ஏழாம் நாள் டிக்கெட்டில் திகதி மறைந்தது. பிள்ளையிடம் சொல்லவில்லை. நவநாள் நேரத்தில் ஒருவரைக் கலவரப்படுத்துவது சரியல்ல.

உகுலேலேயின் சுதி மேலே ஏறியதால், என் மன்டலினையும் அதற்கேற்ப ஏற்றவேண்டி வந்தது. ஒன்பதாம் நாள் பாடகர் குழாம் முழுவதும் எங்கேயோ உயரத்தில் பாடிக்கொண்டிருந்தது. பெண்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆண்களில் இருவர் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். சோளகக் காற்று, தொண்டையை வறளவைக்கும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சீரகத் தண்ணீர் குடித்தார்கள்.

திருவிழாப் பூசையில் நடந்தது உங்களுக்கே தெரியும். காணிக்கைப் பவனி பீடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஜெயனி இரண்டாம் சரணத்துக்கு முந்திய அந்த இடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பிறகு தெரிந்தது. வெடி போட்டது போல ஸ்பீக்கரில் ஒரு சத்தம். பிரிட்ஜ் நாலு கம்பியையும் இழுத்துக்கொண்டு பிய்ந்து வந்து என் புருவத்தில் அடித்தது. பலகையின் ஒரு பக்கமும் அதோடு கிழிந்தது. வாழைக்குலை கொண்டுவந்த அமிர்தநாயகம் குலையை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார். பழைய சண்டைக் காலத்துப் பழக்கம் போல.

நான் அப்படியே கதிரையில் அமர்ந்துவிட்டேன். பாட்டுப் புத்தகம் சிவந்தது. ஜெயனி உடைந்த உகுலேலேயைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் முக்காட்டை என் நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி ஓட்டோவில் ஏற்றி, ஆசுப்பத்திரி வரைக்கும் கையை எடுக்காமல் வந்தாள். டாக்குத்தர் தைக்கும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். பிளாஸ்ரர் ஒட்டிய அதே விரல்களால்.

"என்னாலதான், அண்ணை" என்றாள். "நான் அளவுக்கு மிஞ்சி அடிச்சு வாசிச்சுப் போட்டன். நான் இனி அதைத் தொடமாட்டன். என்னை மன்னியுங்கோ."

நான் மன்னித்தேன். முழு மனதோடு மன்னித்தேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவேண்டாம் என்றும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, நீங்கள் என்னைப் பார்க்க வந்திருந்தபோது, வஸீரும் ஒரு பை முந்திரிப்பழத்தோடு வந்தார். நல்ல மனுசன், மன்னாரிலிருந்து அவ்வளவு தூரம். நடந்ததைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு முன்னாலேயே, "நைலோனுக்கு அது வராதெண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான் தானே, அண்ணன்? மன்டலினுக்கெண்டுதானே வாங்கினீங்கள்?" என்று கேட்டார். நான் தலை சுற்றுகிறது என்றேன். போகும்போது இந்தக் கடிதத்தை எழுதித் தரச் சொன்னீர்கள்.

ஆகவே எழுதுகிறேன். வேலை செய்யாது என்று தெரிந்தே அந்தப் பிக்கப்பை வாங்கியது நான். துஷாந்தன் பழியைச் சுமந்தபோது பேசாமல் இருந்தது நான். தாங்காது என்று தெரிந்தே கம்பியைப் போட்டதும், ஒன்பது நாளும் முறுக்கியதும் நான்தான். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை. துஷாந்தனுக்கு மறுபடி ஸ்பீக்கர் வேலையைக் கொடுக்கவேண்டும் என்பது என் சிபாரிசு. ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். பாடகர் குழாமில் ஒரு சமநிலை வேண்டும். அதை யாராவது ஒருவர் கவனிக்கத்தான் வேண்டும். என்னைவிட நீண்டகாலம் அங்கே இருப்பவர் ஒருவரும் இல்லை. ஜெயனிக்கு இதையெல்லாம் சொல்வதா விடுவதா என்பதை உங்களிடமே விடுகிறேன். இன்னமும் அவள் என்னைக் காணும்போதெல்லாம் தையல் நோகிறதா என்று கேட்கிறாள். நோகிறது என்றுதான் சொல்கிறேன். அவளுக்கு அது ஒரு ஆறுதல்.

இனிச் சேதம் எதுவும் வர வழியில்லை. அவளுடைய அண்ணன் போன கிழமை ஊருக்கு வந்த ஒருவர் கையில் வேறொரு உகுலேலேயை அனுப்பியிருக்கிறார். அவள் தொடமாட்டேன் என்றுதான் நின்றாள். பெற்றிசியா அவள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தாள். பிக்கப் உள்ளேயே வைத்துச் செய்தது, நைலோன் நரம்பு, ஒரு சின்னப் பற்றரியில் வேலை செய்கிறது. வயர் மாட்டியிருந்தால், வாசிக்காத நேரத்திலும் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் கழற்றிவிடுங்கோ என்று துஷாந்தன் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நாள்தோறும் கழற்றிக் கழற்றி மாட்டினால் புது வாத்தியத்தின் துளை தளர்ந்துவிடாதா, ரீச்சர்? அதனால் பயிற்சி முடிந்து, உகுலேலேயைக் கோவிலில் வைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்று, வயர் மாட்டியபடியே இருக்கிறது என்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் கோவில் கதவைச் சாத்துகிறேன்.